பின்பக்கக் கொட்டில்

நீல பிளேசரின் பொத்தான் பூட்டுப்பட மறுத்தது. வயிற்றை எக்கிப் பிடித்து ஒருவழியாகப் பூட்டிக்கொண்டு, கிளெமென்ற் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். வயது எழுபத்தெட்டு. கொழும்பு கொட்டாஞ்சேனையில் அந்த ஒழுங்கை முழுக்க அவரை ‘சார்ஜன்ட் அங்கிள்’ என்றுதான் கூப்பிடும்.

எதிரே இருந்தவள் ஜெயராணி, வெள்ளவத்தையிலிருந்து வந்திருந்தாள். “அந்த நாளைப் பொலிஸ் ட்ரெயினிங் கேம்பின்ர வரலாற்றை எழுதுறன், உங்களோட கதைக்கேலுமா?” என்று போன கிழமை போனில் கேட்டவள்.

பொலிஸ்காரர் ஏதோ ஆண்டு மலர் போடுகிறார்களாம் என்று தேவாலய வாசலில் கேள்விப்பட்டதையும் இதையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டார் கிளெமென்ற். சாவதற்குள் ஒரு புத்தகத்திலாவது தன் பெயர் வந்துவிட வேண்டும். மனுஷனுக்கு மிச்சமிருந்த ஒரே ஆசை அதுதான்.

“யூனிபோர்மோட ஒரு படம் இருக்குமா, அங்கிள்?”

“எல்லாம் வெள்ளத்தோட போட்டுது, மகள். ஆனா மண்டைக்குள்ள ஒண்டும் அழியேல்ல. கேளுங்கோ.”

அவள் போனை ரெக்கோர்டில் போட்டு மேசையில் வைத்தாள். கடற்கரைத் தென்னந்தோட்டமொன்றில் பாதியை வெட்டி, எண்பதுகளின் தொடக்கத்தில் அந்த முகாமைப் போட்ட கதையை அவர் அவிழ்த்துவிட்டார்.

“முதல் பாட்ச் நூற்றிருபது பெடியள். அஞ்சு மணிக்குப் பெரேட். நான் மூண்டுக்கே எழும்பிடுவன். ஆளுக்கு நாலு ரொட்டி, கட்டச் சம்பல். பாவம், பெடியள் களைச்சு விழுந்து வருவாங்கள்.”

“அங்க உங்களுக்கு நல்ல மரியாதையோ?”

“கேம்புக்குப் பெரியவரே காலமை எழும்பி என்ர முகத்தைப் பாத்துட்டுத்தான் மற்ற வேலை பாப்பார்.”

உள்ளே றோஸி இருமினாள். நாற்பத்தெட்டு வருடமாய் அந்த மனுஷனோடு குடித்தனம் நடத்துகிறவள். அது தடிமன், சளி இருமல் இல்லை.

ஜெயராணி கொப்பியில் ஒரு பக்கம் திருப்பினாள். “பின்பக்கம் ஒரு தகரக் கொட்டில் இருந்ததாம். அது ஸ்டோர் எண்டு சொல்லுறாங்கள்.”

“ஸ்டோரோ? ஆர் சொன்னது? எண்பத்தாறில பிடிச்சுக்கொண்டு வந்த ஆக்களை அதுக்குள்ளதான் வச்சிருந்தவங்கள். ஒரு நேரத்துக்கு இருபத்திரண்டு சாப்பாட்டுத் தட்டுப் போகும்.” சட்டென்று குரலைத் தாழ்த்தினார். “இதையும் எழுதுவீங்களோ?”

“இதை எழுதத்தான் வந்தனான், அங்கிள். சாவி ஆரிட்ட இருந்தது?”

அந்த இடத்தில் வாயை மூடியிருக்கலாம். ஆனால் நாற்பது வருடமாக அவரிடம் ஒருவரும் ஒன்றும் கேட்டதில்லை. கேட்க ஒரு ஆள் கிடைத்தால் யாருக்குத்தான் வாய் சும்மா இருக்கும்?

“என்னட்டத்தான்,” என்று இடுப்பைத் தட்டிக் காட்டினார். “எனக்குத் தெரியாம ஒரு ஆள் உள்ள போகேலாது, வெளிய வரேலாது.”

றோஸி பிளேன்டிக் கோப்பையோடு வெளியே வந்தாள். “போதுமப்பா, நிப்பாட்டுங்கோ. தவளை தன் வாயாலதான் கெடும்.”

“நீ உள்ள போ. இது ஒஃபிசியல் விஷயம்.”

ஜெயராணி அவர் சொன்னதை ஒரு தாளில் எழுதி, நிறுத்தி நிதானமாக வாசித்துக் காட்டினாள். ‘மேற்படி கொட்டிலின் சாவி சார்ஜன்ட் ஆகிய என் பொறுப்பிலேயே இருந்தது’ என்ற வரி அவருக்குத் தேனாய் இனித்தது. பேனையை வாங்கி, பெயருக்கு முன்னால் பதவியையும் போட்டு, வளைத்து நெளித்துக் கையெழுத்து வைத்தார்.

அவள் தாளை ஃபைலுக்குள் வைத்தாள். அதற்குள்ளிருந்து ஒரு சின்னப் படத்தை எடுத்து மேசையில் வைத்தாள். அரும்பு மீசை வைத்த ஒரு பெடியன்.

“கிருஷ்ணராஜ். என்ர அண்ணா. எண்பத்தாறில டியூஷன் முடிஞ்சு வரேக்க வெள்ளவத்தைச் சந்தியில வச்சு ஏத்திக்கொண்டு போனவங்கள். ஆள் திரும்பி வரேல்ல. எனக்கு அப்ப பத்து வயசு.”

கிளெமென்ற் படத்தைப் பார்த்தார். தெரிந்த முகம்தான்.

“நீங்கள் புத்தகத்துக்கு எண்டு நினைச்சிருப்பீங்கள். இது வழக்குக்கு, அங்கிள். திங்கட்கிழமை கோட்டில விளக்கம். அந்தக் கேம்பில ஆக்களை அடைச்சு வச்சிருந்தது எண்டு சொல்ல இத்தனை வருசத்தில ஒரு பொலிஸ்காரர் வாய் திறக்கேல்ல. அம்மா கோட்டுப் படி ஏறி ஏறியே செத்துப் போனா.” அவள் கண்ணைத் துடைத்தாள். “நான் உங்களில கோபத்தோடதான் வந்தனான். ஆனா நீங்கள் ஒருத்தர்தான் உண்மையை ஒத்துக்கொண்டிருக்கிறீங்கள். எங்களுக்கு வேற சாட்சி இல்லை.”

றோஸி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு புருஷனையே பார்த்தபடி நின்றாள்.

“இதில ஒரு சொல் பொய்யெண்டாலும் முழு வழக்கும் போச்சு எண்டு லோயர் சொன்னவர்.” ஜெயராணி பேனையை மறுபடி திறந்தாள். “உங்கட பொலிஸ் நம்பரை மட்டும் ஒருக்காச் சொல்லுங்கோ, அங்கிள்.”

அவர் பிளேசரின் பொத்தானைக் கழற்றினார்.

“நம்பர் இல்லை, மகள். நான் அங்க குசினியில சமைச்சனான்.”