லிங்கி மேட்டுக்குப் போகாத மோட்டார்

ஸ்க்ரம்ப்ளர் மோட்டார்சைக்கிள் கத்தியது. நகரவில்லை.

ஒரு வண்டி, அதைச் சுற்றி மூன்று ஆம்பிளைகள். உருப்பட்ட மாதிரிதான் என்று வாசல் கிரில்லைப் பிடித்துக்கொண்டு நின்றாள் குமுதவல்லி.

கிளட்ச் பிளேட் தேய்ந்துவிட்டது என்றான் புருஷனின் கூட்டாளி ரவிச்சந்திரன். போன வருஷம்வரை டயருக்குக் காற்றடிக்கவே ஆள் தேடியவன். இப்போது கைபேசியில் நாலு வீடியோ பார்த்துவிட்டுப் பெரிய நிபுணன்.

இல்லை, ஆயில்தான் சரியில்லை என்றான் இன்னொரு கூட்டாளி தர்மேந்திரன். சொன்னதோடு நின்றானா? பழைய ஆயிலை வடித்தும்விட்டான். எதில்? அவள் அரிசி களையும் பேசினில். புது ஆயில் ஊற்றிய பிறகும் வண்டி அதே கத்தல்தான்.

வண்டிக்குச் சொந்தக்காரன், அவள் புருஷன் வசந்தன், ஒரு துரும்பையும் கிள்ளிப் போடவில்லை. "நான் பிடிச்சிக்கிறேன், நீங்க பாருங்கடா" என்று ஹேண்டில்பாரைப் பிடித்தவன், பிடித்தபடியே நின்றான். கல்யாணத்தன்றுகூட அவள் கையை இவ்வளவு கெட்டியாகப் பிடித்ததில்லை.

லிங்கியில் ஒரு தோட்டத்துச் செம்பனைக் காட்டுக்குள் செம்மண் மேடு ஒன்று இருக்கிறதாம். இதுவரை யாரும் ஏறாத மேடாம். இன்றைக்கு இவர் ஏறிக் காட்டப் போகிறாராம். இந்த அம்பாங்கான் ஊரில் அவன் பீற்றிக்கொள்ளாத ஆள் பாக்கியில்லை. கோயிலில் அர்ச்சனைச் சீட்டு கிழிப்பவரிடம்கூடச் சொல்லியாகிவிட்டது. நாற்பதைத் தாண்டியவன் பேசுகிற பேச்சா இது?

தைப்பூசம் முடிந்த கையோடு லாபுவில் இப்படித்தான் ஒரு சரிவில் வண்டியோடு உருண்டு, தோள்பட்டை எலும்பை உடைத்துக்கொண்டு வந்தான். சும்மா வழுக்கிவிட்டது என்று எல்லாரிடமும் இளித்தான். அதிலிருந்து தூக்கத்தில் கத்துகிறான். ஆட்டுக்கறியைக் குறை என்று அவளும் சொல்லிப் பார்த்துவிட்டாள்.

வண்டிக்கு என்ன கோளாறு என்று அவளுக்கு நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது. அவள் அப்பா லாபுவில் மோட்டார் பட்டறை வைத்திருந்தவர். கிளட்ச் லீவரில் கொஞ்சமாவது தளர்வு இருக்க வேண்டும். இதில் துளியும் இல்லை. கேபிள் விறைத்துக்கொண்டு நின்றது. எந்தப் புண்ணியவானோ லீவர் பக்கத்து அட்ஜஸ்டரைத் திருகித் திருகிக் கேபிளை ஒரேயடியாக இழுத்து வைத்திருக்கிறான். கிளட்ச் சரியாகப் பிடிக்காவிட்டால் இஞ்சின் மட்டும்தானே கத்தும்? சக்கரம் எப்படிச் சுற்றும்? வெறுங்கையால் திருப்பிவிட்டால் தீர்ந்தது. இதற்குப் போய் என் பேசினா?

இந்த மூன்று மேதாவிகளின் மூஞ்சியும் தொங்குவதைக் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும் என்று செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினாள்.

"தள்ளுங்க. அரை நிமிஷ வேலை."

அட்ஜஸ்டரில் விரலை வைத்தாள். வசந்தனின் கை வந்து அவள் கையை மூடியது.

தட்டிவிடப் பார்த்தாள். அந்தக் கை விலகவில்லை. அட்ஜஸ்டரோடு சேர்த்து அமுக்கியது.

காலையிலிருந்து ஒரு நட்டைக்கூடத் தொடாதவன். அவன் கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் அட்ஜஸ்டரில் இருந்த அதே கறுப்பு கிரீஸ் அப்பியிருந்தது.

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் டயரைப் பார்த்தான்.

அட என் மனுஷா! விழுந்த பயத்தை இவ்வளவு உள்ளே வைத்துக்கொண்டா ஊர் பூராவும் சொல்லித் திரிந்தாய்?

"என்னா அண்ணி, கண்டுபிடிச்சிட்டீங்களா?" என்றான் தர்மேந்திரன்.

"பிளேட்டு போச்சு. இஞ்சினைத் தொறக்கணும்."

பட்டறைக்காரர் மகள் சொன்ன பிறகு மறுபேச்சு ஏது? ரவிச்சந்திரன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான். நிமிர்த்திக்கொள்ளட்டும், பாவம், அவனுக்கு வேறு எதில் பெருமை இருக்கிறது!

தர்மேந்திரனா விடுகிற ஆள்? தன் தம்பியின் ஸ்க்ரம்ப்ளர் வீட்டில் சும்மாதான் நிற்கிறது, இதோ போய் எடுத்துவருகிறேன் என்று கிளம்பிவிட்டான்.

அவள் கைமேல் இருந்த கை இறுகியது.

குமுதவல்லி தெருவே எட்டிப் பார்க்கிற மாதிரி தொண்டையைத் திறந்தாள். "எந்த மோட்டாரும் வேணாம்! ஞாயித்துக்கிழமை வந்தா மேடு, காடு! இன்னிக்கு இவரு வாசலைத் தாண்டட்டும், அப்புறம் தெரியும் லா நான் யாருன்னு!"

எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. தர்மேந்திரன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"போச்சுடா! அவ்ளோ பெரிய மேட்டுக்குப் பயப்படாத ஆளு, பொண்டாட்டிக்கு இந்தப் பயம் பயப்படுறானே!"

வசந்தன் தலையைக் குனிந்துகொண்டான்.

சாயங்காலத்துக்குள் அம்பாங்கான் முழுக்க இதே பேச்சாகத்தான் இருக்கும், வசந்தன் பொண்டாட்டிக்குப் பயந்தவன் என்று. அதற்காகவே குமுதவல்லி இன்னும் கொஞ்சம் உரக்கத் திட்டினாள்.