கன்னியப்பனின் தாலந்து

பூந்தமல்லி கோயிலில், போதகர் அங்கி மாற்றும் அறையில், திராட்சரசம் வைத்திருந்த அலமாரிக்கு முன்னால் கன்னியப்பனைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

அலமாரியில் பெரிய பித்தளைப் பூட்டு தொங்கியது. சாவியைக் காணோம்.

பட்டணத்திலிருந்து காரில் வந்த பிஷப் துரை பீடத்தருகே உட்கார்ந்திருந்தார். ரசம் இல்லாமல் நற்கருணை இல்லை.

"இன்னா யோசிக்கிற, கன்னியப்பா? கர்த்தர் குடுத்த தாலந்து. அவரு ஊட்டுலயே காட்டறதுக்கு இன்னா வெக்கம்?" என்றார் மூப்பர் கிறிஸ்துதாஸ்.

சாவி அவர் பொறுப்பு. தொலைத்ததும் அவர்தான். யோசனையும் அவருடையதுதான்.

செம்பரம்பாக்கத்திலிருந்து பருத்திப்பட்டு வரைக்கும் கன்னியப்பன் விரல் படாத பூட்டு கிடையாது. ஒரு கம்பித் துண்டு போதும். இரண்டு தடவை ஜெயிலுக்குப் போனதுகூட வித்தை பிசகியதால் அல்ல. ஒரு தடவை நாய், ஒரு தடவை மச்சான்.

இன்று அவனுக்கு ஞானஸ்நானம்.

அவன் பெண்டாட்டி வடிவு முன்பே வேதத்தில் சேர்ந்து, பிள்ளைகளோடு மிஷன் குடியிருப்பில் இருந்தாள். அவள் சொன்னது ஒன்றுதான்: "ஞானஸ்நானம் எடுத்துகினு வா, சேர்த்துக்கறேன். இன்னொரு தபா திருட்டுன்னு உன் பேரு அடிபட்டுச்சு, இந்தப் பக்கமே வராதே."

அந்த மழைக்காலம் முழுக்க போதகர் தாலந்தைப் பற்றியே பிரசங்கம் செய்திருந்தார். எஜமான் நம்பிக் கொடுத்த தாலந்துப் பணத்தை ஒரு வேலைக்காரன் மண்ணில் புதைத்துவைத்தான். எஜமான் திரும்பி வந்து அவனை இருட்டில் தள்ளினான்.

அதைக் கேட்டதிலிருந்து சபையில் ஆளாளுக்குத் தாலந்து முளைத்துவிட்டது. ஞானகுமாரிக்கு ஹார்மோனியம். கம்பவுண்டருக்குக் கீர்த்தனை. மூப்பருக்கு நீண்ட ஜெபம். அவர் கண்ணை மூடினால் கைக்குழந்தைகள் தூங்கி எழுந்துவிடும்.

கன்னியப்பனிடம் மட்டும் அவனுடைய தாலந்து என்னவென்று ஒருவரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

"நல்ல காரியத்துக்குத்தானே," என்றார் போதகர், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு. "பொதைச்சு வெக்கறதும் பாவந்தான்."

அறை வாசலில் பாதி சபை கூடிவிட்டது. இந்தப் பூட்டு இப்போது திறந்தால், நேற்றே இவன் திறந்திருப்பானே என்று எவனாவது ஒருவன் சொல்வான். சொல்லாமல் விடமாட்டான்.

ஞானகுமாரியின் கொண்டை ஊசி கைமாறிக் கைமாறி வந்து சேர்ந்தது. கன்னியப்பன் அதை வாங்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். பூட்டை உள்ளங்கையில் ஏந்தினான்.

ஏந்தியதும் அவன் கை நின்றது.

நிமிர்ந்து மூப்பரைப் பார்த்தான். அவர் கண்ணை மூடி ஜெபத்தில் இருந்தார்.

கன்னியப்பன் எல்லோருக்கும் முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்து, பூட்டின்மேல் குனிந்துகொண்டான்.

கோயிலுக்குள் பாட்டு முடிந்து மறுபடி முதல் சரணத்துக்குப் போனது. அதுவும் முடிந்தது. பிஷப் துரை இருமுவது கேட்டது. ஊசி வளைந்தது, பல்லில் கடித்து நிமிர்த்தினான். வியர்வை மூக்கு நுனியிலிருந்து பித்தளைமேல் சொட்டியது.

"இன்னா அண்ணாத்தே, பூட்டைத் தூங்க வெக்கிறியா?" என்றான் வாசலில் ஒருவன். சிரித்தார்கள்.

கடைசியில் எழுந்தான்.

"வரல, ஐயா. கை மறந்துபோச்சு."

போதகர் முகம் மலர்ந்தது. "பழைய மனுஷன் செத்துட்டான்," என்றார். பிஷப்பிடம் சொல்ல நல்ல சாட்சி கிடைத்துவிட்டது. வாசலில் ஸ்தோத்திரம் எழுந்தது. ஒருவனுடைய தாலந்து செத்துப்போனதற்காக அந்தக் கோயிலில் ஸ்தோத்திரம் சொன்னது அதுதான் முதல் தடவை.

மூப்பர் மட்டும் சொல்லவில்லை.

"சும்மா இழுத்துப் பாரேன்," என்றார்.

கன்னியப்பன் ஒதுங்கி நின்றான். மூப்பரே வந்து இழுத்தார். பூட்டு அசையவில்லை. இரண்டு கையாலும் இழுத்தார்.

கடப்பாரை வந்தது. தோட்டக்காரன் கோதண்டம் ஒரே நெம்பில் நாதாங்கியைப் பெயர்த்தான். பூட்டு, பூட்டியது பூட்டியபடியே தரையில் விழுந்தது.

உள்ளே புட்டி இருந்தது. ரசம் இல்லை.

யாரும் கன்னியப்பனைப் பார்க்கவில்லை. அவனுக்குத் திறக்க வராது என்பதைத்தான் இவ்வளவு நேரமும் பார்த்திருந்தார்கள். சாவி வைத்திருந்தவர் ஒருவர்தான். எல்லாத் தலையும் அந்தப் பக்கம் திரும்பியது.

"நான் பூட்டவே இல்லியே," என்றார் கிறிஸ்துதாஸ்.

சொல்லிவிட்டுத்தான் வாயைப் பொத்திக்கொண்டார்.

போதகர் குனிந்து பூட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கன்னியப்பனின் விரல்களைப் பார்த்தார். பூட்டை அங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

"ரசம் இல்லாட்டி போவட்டும். தண்ணி இருக்கு. வா."

ஞானஸ்நானத் தொட்டியை நோக்கி நடக்கும்போது கன்னியப்பனுக்கு ஒரு விஷயத்தில் மட்டும் வெட்கமாக இருந்தது. சாவி போட்டுத் திருப்பினால்தான் பூட்டிக்கொள்ளும் பழைய ரகம் அது. வளையத்தைச் சும்மா செருகி வைத்திருந்தார்கள். இழுத்திருந்தால் கையோடு வந்திருக்கும். பூட்டுவதற்குத்தான் அவ்வளவு நேரம் பிடித்தது.

பிறந்ததிலிருந்து அவன் எதையும் பூட்டிப் பழகியதில்லை.