உறைக்குள் பேசிய பெட்டி

“டர்ன் லெஃப்ட்” என்றது பெட்டி.

அருணகிரி ஒரு நொடி குனிந்து அதைப் பார்த்துவிட்டு, பைக்கை இடப்பக்கம் திருப்பினான்.

காருக்குள் ஒட்டிவைக்கிற ஜி.பி.எஸ். அது. ஒடிசாவில் அவன் வேலை பார்க்கும் போர்வெல் ரிக்குக்கு முன்னால் போகிற மேனேஜர் காரில் இருந்ததை இரவல் வாங்கி வந்திருந்தான். விடிகாலை ஐந்து மணிக்குத் திருச்செங்கோட்டில் வந்து இறங்கியவன், அதை ஹேண்டில்பாரில் வைத்து சைக்கிள் டியூப் துண்டால் இறுக்கிக் கட்டினான். பேட்டரியிலிருந்து வயர் இழுத்துவிட்டான். சத்தத்தை முழுசாக ஏற்றிவைத்தான்.

ஊருக்கே கேட்கட்டும் என்ற பெருமை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள் பின்னால் உட்கார்ந்திருந்த நர்மதா.

மணி ஏழு.

பனமரத்துப்பட்டி ஏரிக்கு அந்தப்புறம் ஒரு மண்டபத்தில் அவள் தம்பிக்குக் கல்யாணம். தாலி கட்டுவதற்கு முன்னால் இணைச்சீர் நடந்தாக வேண்டும். மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் உடன்பிறந்தவள் நின்று செய்துகொள்ளும் சீர். தம்பிக்கு இருப்பது ஒரே அக்கா.

நேற்றே போயிருக்கலாம். ‘புருசன் வரலியா?’ என்று ஆளாளுக்குக் கேட்பார்களே என்றுதான் காத்திருந்தாள்.

“சாமி, எங்க வந்துட்டிருக்கறீங்க? சீர் செய்யற அருமைக்காரர் வந்து உக்காந்துட்டாரு” என்று அம்மா நல்லம்மாள் போனில் பதறினாள். நர்மதா பதில் சொல்லி முடிப்பதற்குள் சார்ஜ் தீர்ந்து அவள் போன் அணைந்தது. அருணகிரியிடம் இருந்ததோ பட்டன் போன். இனி பெட்டிதான் கதி.

எதிரே ஒரு வேகத்தடை. நடந்து போகிறவன் முந்திவிடுகிற அளவுக்கு வண்டியை மெதுவாக்கினான். திருச்செங்கோட்டிலிருந்து ஒவ்வொரு வேகத்தடைக்கும் இதே கூத்து. அவள் பல்லைக் கடித்தாள்.

கிளம்பும்போதும் இப்படித்தான். “பஸ்ஸுல போயிரலாமா?” என்றான். அவள் முறைத்த பிறகு, துண்டை நாலாக மடித்துப் பின்சீட்டில் போட்டான்.

மடியில் பை கனத்தது. சீருக்குக் கட்டும் பட்டு மட்டுமல்ல, அவளுடைய எல்லாச் சேலைகளும் அதற்குள் இருந்தன. கல்யாணம் முடிந்ததும் அம்மா வீட்டோடு இருந்துவிடுவதென்று முடிவு செய்திருந்தாள். அவனிடம் இன்னும் சொல்லவில்லை.

புரட்டாசியில் அவள் போனில் அழுதுகொண்டே சொன்ன விஷயத்துக்கு அவன் சொன்ன பதில் அப்படி. அதற்கு மேல் ஒருவனோடு என்ன குடும்பம்?

மழை தூற ஆரம்பித்தது.

காருக்குள் இருக்க வேண்டிய சாமான், நனைந்தால் போச்சு. அவன் வண்டியை ஓரம் கட்டியதும் அவள் இறங்கி, துணிக்கடை மஞ்சள் கவரை எடுத்துப் பெட்டியின் தலையில் மாட்டி முடிச்சுப் போட்டாள்.

“படம் தெரியாதே” என்றான் அருணகிரி.

“அதுதான் தொண்டை கிழியப் பேசுதுங்களே. கேட்டு ஓட்டுங்க.”

அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு, “ம்” என்றான்.

மல்லூர் தாண்டியதும் கவருக்குள்ளிருந்து குரல் வந்தது. டர்ன் லெஃப்ட்.

அவன் நேராகப் போனான்.

“ஏனுங்க, உட்டுட்டீங்க.”

“ம்.”

பெட்டி வேறு வழி கணக்குப் போட்டது. மறுபடி சொன்னது. மறுபடியும் நேராகவே போனான். வண்டி நான்கு வழிச் சாலையில் ஏறியது. வீம்புக்குச் செய்கிறானா? மணி ஏழு இருபது.

பின்னால் ஒரு லாரி ஏர்ஹாரன் அடித்தது. விடாமல் அடித்தது. அவள் காதைப் பொத்திக்கொண்டு திரும்பிப் பார்த்தாள். லாரியின் முகம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அருணகிரி ஒதுங்கவில்லை. தோளைக்கூட அசைக்கவில்லை.

“ஏனுங்க!”

லாரி உரசினாற்போல் கடந்தது. காற்று அடித்துத் தள்ளிய பிறகுதான் அவன் உடம்பு தூக்கிப்போட்டது.

“எங்கிருந்து வந்தான் இவன்?” என்றான், உண்மையாகவே திகைத்துப்போய்.

நர்மதா அவன் காதையே பார்த்தாள்.

நாலு வருஷமாக, காதைப் பிளக்கிற ரிக் கம்பிரசருக்குப் பக்கத்தில் நின்று செய்கிற வேலை.

முகத்துக்கு நேரே பேசினால் பதில் சொல்கிறவன். முதுகுக்குப் பின்னாலிருந்து பேசினால் ‘ம்’ மட்டும் சொல்கிறவன்.

அவன் காதருகே குனிந்தாள். “நான் இனி உங்க ஊட்டுக்கு வரமாட்டேனுங்க.”

“ம். சரி சாமி, பாத்துக்கலாம்” என்றான் அருணகிரி.

புரட்டாசியில் சொன்ன அதே பதில். ஒரு எழுத்து மாறவில்லை.

கவருக்குள் பெட்டி மறுபடியும் பேசியது. அவள் அவனுடைய இடது தோளில் இரண்டு தட்டுத் தட்டினாள். அவன் உடம்பு ஒரு கணம் விறைத்தது. பிறகு, ஒன்றும் கேட்காமல், இடப்பக்கம் திரும்பினான். அடுத்த வளைவுக்கு வலது தோள். திரும்பினான். தட்டுக்குத் தட்டு வண்டி சரியாகப் போனது. ஏரிக்கரை வந்தது. மேளச் சத்தம் கேட்டது, அவளுக்கு.

வாழைமரம் கட்டிய வாசலில் அம்மா நின்று இரண்டு கையையும் ஆட்டினாள். இணைச்சீர் இன்னும் ஆகவில்லை.

மண்டபத்துக்கு முன்னால் கடைசியாக ஒரு வேகத்தடை. அருணகிரி வண்டியை ஊர விட்டான்.

மூன்று மாதம் முடியாமல் வெளியே சொல்லக்கூடாது என்று ஆவணியில் அவன் லீவில் வந்திருந்தபோது இருவருமாகப் பேசி வைத்திருந்தார்கள். அதனால்தான் கரு கலைந்துபோனதையும் அவள் வேறு யாரிடமும் சொல்லவில்லை. போனில், அவனிடம் மட்டும் சொன்னாள்.

ஒரு கையைப் பின்னால் நீட்டி அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டான் அவன்.

“கெட்டியாப் புடிச்சுக்க சாமி. ரெண்டு பேருக்கும் குலுங்காமப் போறேன்.”