கரையும் நூல்

வார்டு ஜன்னலில் மூடுபனி அசையாமல் நிற்கிறது. அடைக்கலமேரியின் பக்கத்துக் கட்டிலின் திரையை விலக்கி, அங்கே படுத்திருக்கும் வடிவின் வயிற்றிலிருந்து பிரித்த கறுப்பு நூல்களை எனாமல் தட்டில் ஏந்தி வருகிறாள் சிஸ்டர் ஜோசப்பின். இருவருக்கும் கர்ப்பப்பையை எடுத்தாயிற்று. வடிவுக்கு வயிற்றைத் திறந்து, அடைக்கலமேரிக்குக் கீழ்வழியாக. “இவளுக்கு எப்ப தையல் பிரிப்பீங்க?” என்கிறான், கூக்கால் கிராமத்திலிருந்து வந்திருக்கும் அடைக்கலமேரியின் கணவன் உபகாரம். “பிரிக்கிற சோலியே இல்லங்க. உள்ள போட்ட நூல் தானாக் கரைஞ்சிரும். ஆனா பாரம் தூக்கக் கூடாது.” “வெளிய ஒரு கீறல்கூட இல்லயே! திங்கக்கிழமை பூண்டு மூட்டை தூக்க வந்திருவா,” என்று சிரித்தபடி அவன் பஸ்ஸுக்குக் கிளம்புகிறான். அடைக்கலமேரி போர்வைக்குள் வயிற்றைத் தடவுகிறாள். வழவழவென்று, யாருடைய வயிறோ போல இருக்கிறது. தண்ணீர் கேட்கிற குரலில் கேட்கிறாள்: “சிஸ்டர், அந்தக் கறுப்பு நூல்ல எனக்கும் வயித்து மேல நாலு தையல் போட்டு விடுங்க.”