இருட்டை ஏமாற்றிய ஊர்

‘எரிமலையின் இருட்டையே ஏமாற்றிய ஊர் உலகில் ஒன்றுதான், அதைக் கண்டுபிடித்தவனும் ஒருவன்தான்’ என்று பேராசிரியர் தம் புத்தகத்தைத் தொடங்கியிருந்தார். மாலையில் வெளியீட்டு விழா.

இருநூறு வருடங்களுக்கு முன் ஒரு ஜூன் மூன்றாம் தேதி மலை வெடித்து, அந்த மாதம் முழுக்க எங்கும் சாம்பல் மூட்டம். அந்த ஊர்த் துறைமுக எழுத்தரின் வானிலைப் பதிவேட்டில் மட்டும் தினமும் ‘நல்ல வெயில். கண்ணால் கண்டு எழுதியது’ என்று கையெழுத்தோடு இருந்தது.

பேராசிரியருக்கு ஆய்வு உதவியாளராக இருந்த மருமகள் ஒரு தாளோடு வந்தாள்.

“மாமா, இறப்புப் பதிவேடு கிடைச்சிடுச்சு. எழுத்தர் இரண்டாம் தேதியே செத்துட்டார்.”

“அப்புறம் வேற யாராவது எழுதியிருப்பாங்கம்மா.”

“எல்லாம் அவர் கையெழுத்துதான், மாமா. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்க்குது.”

வானிலைப் பதிவேட்டின் மேலிருந்த கையைப் பேராசிரியர் மெல்ல எடுத்துக்கொண்டார். அவள் அதைக் கடைசிப் பக்கம் வரை புரட்டினாள். பிறகு தொண்டையைச் செருமினார்.

“செத்தும் கடமை தவறாத மனுஷன்! விழாவில இதையும் சொல்லிடறேன்.”

“வேண்டாம் மாமா. மாசம் பொறந்ததுமே மொத்தத்தையும் எழுதி வச்சுட்டார் போல. கடைசி வரியைப் பாருங்க.”

பார்த்தார். முப்பதே நாள் கொண்ட ஜூனில், முப்பத்தொன்றாம் தேதியும் நல்ல வெயில் அடித்திருந்தது.