பேனருக்குப் பின்னால்

ரமலான் பகல். ராயபுரத்தில் அசோகனின் டீக்கடை வாசலில் பழைய பேனர் திரையாகத் தொங்குகிறது. உள்ளே நான், நோன்பில்லாமல், டாக்டர் உத்தரவுப்படி தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறேன். சிறுநீரகக் கல் எங்கள் பரம்பரை வியாதி. "போன தபா என் கல்லுல மோதி ஒரு கப்பலே நின்னுபோச்சு, அசோகா." "அதான் ஆர்பர்ல உன்னியத் தேடிகினு கீறாங்க, பாய்." "என் மவன் ஃபர்ஹானாச்சும் தப்பிச்சான்" என்கிறேன். அசோகன் திரும்பிப் பாய்லரைத் துடைக்கிறான். பேனர் விலக, வெயிலோடு ஃபர்ஹானே நுழைகிறான். முகமெல்லாம் வியர்வை, ஒரு கை விலாவை அழுத்திப் பிடித்திருக்கிறது. என்னைக் கண்டதும் கை கீழே இறங்குகிறது. "நோம்பு வெச்சுகினு இங்க இன்னாடா?" "பசி தாங்கல அத்தா. பன்னு துன்ன வந்தேன்." அசோகன் என் முகத்தைப் பார்க்காமல், அலமாரியில் ஃபர்ஹானுக்கென்று தனியாக வைத்திருக்கும் ரெண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டுகிறான்.