தூணில் பூசவிருந்த சிமெண்ட்

கலைமணி தலையிலிருந்த கலவைச் சட்டியைக் கீழே போட்டாள். மண்டபத் தரையெங்கும் சிமெண்ட் சிதறியது.

கொத்தனார் குப்புராஜ் பதறிப்போய், பேசாமல் எடுத்துக்கொண்டு வா, வேலை போய்விடும் என்று கிசுகிசுத்தார். அவள் அசையவில்லை.

அரூர்ப் பக்கத்துப் பழைய சிவன் கோயில். கும்பாபிஷேகத்துக்கு இன்னும் பத்து நாள். தூணில் கூடியிருக்கும் ஆண் பெண் சிற்பத்தைச் சிமெண்ட் வைத்து மூடச் சொல்லிவிட்டார் திருப்பணிக் குழுத் தலைவர் மாதவராஜ். பெண்கள் வந்துபோகும் இடத்தில் இந்த அசிங்கம் எதற்கு என்றார்.

இரண்டு உயிர் ஒன்றாகிற இடத்தில்தான் சாமி இருக்கிறார், அதைச் சொல்லத்தான் பெரியவர்கள் செதுக்கினார்கள் என்று குருக்கள் சொல்லிப் பார்த்தார். மாதவராஜ் காதில் வாங்கவில்லை.

வேலைக்கு வந்த முதல் நாள் அந்தத் தூணைக் கடக்கையில் கலைமணியும் தலையைக் குனிந்துகொண்டவள்தான். இருபது நாளாகக் கலவை சுமந்து போய்வந்ததில் நன்றாகவே பார்த்துவிட்டாள். கல்லில் இருவருக்கும் கண்கள் மூடியிருந்தன. கும்பிடுகிறவர்கள் முகம் போலத்தான் இருந்தது.

சித்தாளுக்கு எப்போதிருந்து இவ்வளவு பக்தி என்று, பூச்சைப் பார்வையிட வந்து நின்ற மாதவராஜ் சிரித்தார்.

கலைமணி தூணருகே போனாள். கல்பெண்ணின் பாதத்தில் குப்புராஜ் அப்பியிருந்த ஈரப் பூச்சை முந்தானையால் அழுத்தித் துடைத்தாள். பிறகுதான் திரும்பினாள்.

"அவளாத்தானுங்க அவன் கழுத்தைக் கட்டிப்புடிச்சிருக்கறா. அதுல என்னங்க அசிங்கம்?"

குரல் உயரவில்லை. ரவிக்கைக் கையை மேலே ஏற்றினாள். மேல்கையில் நான்கு விரல் தடம் கறுத்துக் கன்றியிருந்தது.

"நேத்து மத்தியானம் சிமெண்ட் ரூமுக்குள்ள நீங்க புடிச்சதுங்க. இதை எதை வெச்சுப் பூசுவீங்க?"

மாதவராஜின் சிரிப்பு அப்படியே நின்றது. குருக்கள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். குப்புராஜ் பூச்சுக் கரணையை வாளித் தண்ணீரில் போட்டுவிட்டுக் கையைக் கழுவினார்.

சாரத்தின் மேலே வேலையாக இருந்த இன்னொரு சித்தாள் பெரியம்மாள் மெதுவாக இறங்கிவந்தாள்.

கலைமணியின் பக்கத்தில் வந்து நின்றவள், தன் ரவிக்கைக் கையையும் மேலே ஏற்றினாள்.